நாலாங்கட்டை

ஒன்பது பத்து ரயிலில் வந்தவர் ஒன்பது நாற்பதுக்குத்தான் படியேறி முடித்தார்.

வேலாயுதம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மடிக்கணினி.

"எதுல வந்தீங்க?"

"கிள்ளான் ரயில் தம்பி. ஒன்பது பத்துக்கெல்லாம் வந்துட்டேன்."

"ஸ்டேஷன்லேர்ந்து இங்க அஞ்சு நிமிஷம்."

"எனக்கு அரை மணி."

"நெஞ்சா?"

"மூணு அடைப்பு."

தாமரை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "எங்க படிக்கட்டு நல்ல டாக்டர்மா. பீஸ் வாங்காம சொல்லிடும்."

அம்மாள் சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்தார்.

வேலாயுதம் முப்பது ஆண்டு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றதும் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தார். தாமரை ஏழாண்டாக அவரிடம் இருக்கிறாள். அதற்கு முன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். அங்கே வாயை அடக்கி வைத்திருந்ததற்கு இங்கே ஈடு செய்கிறாள்.

"என் பேரு பவுனம்மாள். மகனைத் தேடணும். விமலன். வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம்."

"இப்ப ஏன்?"

அவர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் தாமரையிடம் கொடுத்தார். "தொறந்து பாரும்மா."

திரையில் ஒரு முயல். கைலி கட்டியிருந்தது.

மிமோ என்ற அந்த முயலை வேலாயுதத்துக்கே தெரியும். ஜப்பான் கணினி விளையாட்டு. ஓடும், தாவும், கேரட் பொறுக்கும். ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் ஆடினார்கள். விமலன் அந்த முயலை அனுமதி கேட்காமல் எடுத்துக் கிள்ளானுக்குக் கொண்டுவந்திருந்தான். கேரட்டுக்குப் பதில் வடை. பள்ளத்துக்குப் பதில் லோங்காங், தெருவோரச் சாக்கடை. தாமான் என்ற குடியிருப்பின் நாய்கள் துரத்தும். கடைசியில் ஒலிபெருக்கியோடு நிற்கும் குடியிருப்பாளர் சங்கத் தலைவரைத் தலையில் மிதிக்க வேண்டும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பத்தொன்பது வயதில், தனியாகச் செய்தது. 'கிள்ளான் மிமோ' என்று பெயர் வைத்து, இப்படிப்பட்ட ரசிகர் கேலிகளைச் சேர்க்கும் ஓர் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். பிரேசிலிலிருந்து ஒருவர் வடை என்றால் என்ன என்று கேட்டிருந்தார்.

முயல் லோங்காங்கில் விழுந்தது. ஒரு பெண் குரல் வந்தது.

"விழுந்தியா? நல்லா வேணும்."

தாமரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் குரல்தான்," என்றார் பவுனம்மாள். "எனக்குத் தெரியாம பிடிச்சு வச்சிருக்கான். அது பழசு. மூணு வாரத்துக்கு முன்னாடி புதுசு ஒண்ணு வந்திருக்கு. ரெண்டாவது பதிப்பாம். அவன் பேர்லயே போட்டிருக்கு."

"யார் சொன்னது?"

"மக. ஷாமினி. பெட்டி செய்யற கம்பெனியில ஆபீஸ் வேலை. அவதான் போட்டுக் காட்டினா. முடியறப்ப எழுத்து வருது. அம்மா, நல்லா இருக்கேன், உடம்பப் பாத்துக்கோங்கன்னு."

"மகன் ஏன் போனார்?"

"அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. பொம்மை வரைஞ்சா சோறு வருமான்னார் இவர். அவன் வெளிய போனான். இவர் கேட்டைப் பூட்டிட்டார். ஏழு மணிக்குத் திரும்பி வந்து கேட்டை ஆட்டினான். நான் சமையல்கட்டுல இருந்தேன். சத்தம் கேட்டுச்சு." அவர் தம்ளரை மேசையில் வைத்தார். "போய்த் தொறக்கல."

மின்விசிறி சுற்றியது.

"வீட்டுக்காரர் இப்ப?"

"செத்து மூணு வருஷம். மகன் போனதுலேர்ந்தே ஆள் சரியில்ல. கொரோனா வருஷம் தீபாவளி கூட வேணாம்னுட்டார். ஒரு வருஷம் கோயில் படி மிதிக்கல. சாமி மேல கோபம்னார்."

வேலாயுதம் அதைச் சின்னக் குறிப்பேட்டில் எழுதினார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. வழக்கத்துக்கு மாறானதை எழுதி வைப்பது பழைய வேலையின் பழக்கம்.

"ஆப்ரேஷன் எப்ப?"

"வியாழக்கிழமை. நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போடணும். ரெண்டு தடவை தள்ளிட்டேன். இந்தத் தடவையும் வரலைன்னா பேர எடுத்துடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த தேதி வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்னும் சொன்னாரு. நல்ல மனுஷன். சுத்தி வளைக்கல."

"ஏன் தள்ளினீங்க?"

"நான் அங்க கிடக்கறப்ப அவன் வந்தா? மக வேலைக்குப் போயிருவா. பூட்டின கேட்டை இன்னொரு தடவை பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?"

தாமரை தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

"அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க. வரச் சொல்லுங்க. சாவியைக் கையில குடுத்துட்டு நான் போய்ப் படுத்துக்கறேன்." பவுனம்மாள் எழுந்தார். வாசலில் நின்றார். "கடைசி வரைக்கும் ஆடிப் பாருங்க தம்பி. நடுவுல விட்டுறாதீங்க."

அவர் படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

*

தாமரை ஆடினாள். முயல் பதினோரு தடவை செத்தது.

"நல்லா வேணும்," என்றது குரல்.

"என் வீட்டுக்காரர் போனப்பகூட எங்கம்மா இதேதான் சொன்னாங்க, பாஸ். இதே டோன்."

"பழைய பதிப்பையும் பக்கத்தில் போடு."

இரண்டையும் ஓடவிட்டார்கள். அதே தெரு, அதே நாய்கள். புதியதில் நிறம் கூடியிருந்தது. முயலின் கைலியில் இப்போது கட்டம் இருந்தது. கோடுகள் கச்சிதமாக இருந்தன.

கிள்ளானில் இடத்தை மைல்கல்லால் சொல்வார்கள். மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்று. கல்லை எடுத்து ஐம்பது வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. விமலன் ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்படியே பெயர் வைத்திருந்தான். பழைய பதிப்பில் அவை ஒன்று, இரண்டு, மூன்று, 3ஏ, ஐந்து என்று போயின.

தாமரை சிரித்தாள். "லிஃப்ட் நம்பர். மைல்கல்லுக்கும் போட்டிருக்கான் பாருங்க."

இந்த ஊர் மாடிக் கட்டடங்களில் நாலாவது மாடி கிடையாது. சீனர்களுக்கு ஆகாத எண். மூன்றுக்குப் பிறகு 3ஏ, அதற்குப் பிறகு ஐந்து. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. விமலன் பார்த்திருந்தான்.

"புதுசுல?" என்றார் வேலாயுதம்.

தாமரை நகர்த்தினாள். மூணாங்கட்டை முடிந்தது. எழுத்து வந்தது. நாலாங்கட்டை.

"திருத்திட்டான்," என்றாள் தாமரை.

"சொந்த ஜோக்கை எவனாவது திருத்துவானா?"

"புருஷனோட ஜோக்கைத் திருத்தலாம். சொந்த ஜோக்கை மாட்டாங்க."

நாலாங்கட்டை பழைய பதிப்பில் இல்லாத தெரு. முயல் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஸ்டேஷனுக்குள், அதாவது பெட்ரோல் பம்புக்குள், நுழைந்தது. சீருடை போட்ட ஒருவன் ஓடிவந்து எண்ணெய் ஊற்றினான். முயல் கால் மேல் கால் போட்டுக் காத்திருந்தது.

தாமரை விசையிலிருந்து கையை எடுத்தாள். "பாஸ். நம்ம ஊர்ல எவன் வந்து ஊத்தறான்? கட்டிட்டு, நாமதான் இறங்கி ஊத்திக்கணும். கையெல்லாம் வாடை வேற."

"ஊற்றிக் கொடுக்கும் ஊர் எது?"

"தமிழ்நாடு. போன வருஷம் மதுரையில எங்கக்காவோட பம்புக்குப் போனேன். பழக்கதோஷத்துல நானே இறங்கிக் குழாயைப் பிடுங்கிட்டேன். அந்த ஆளு அழுதுட்டான்."

"அப்படியானால் இதைச் செய்தவன் தமிழ் படிப்பான். இந்த ஊரில் பிறந்தவனில்லை."

"வேலை பெர்மிட்டுல வந்தவன். ஆனா ஐடி விமலனோடது. பாஸ்வேர்ட் இல்லாம உள்ள போக முடியாது."

"விமலன் கொடுத்திருக்க வேண்டும்."

"இல்லன்னா விமலன்கிட்டேர்ந்து எடுத்திருக்கணும்," என்றாள் தாமரை. அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

வேலாயுதம் திரைக்கு அருகே குனிந்தார். நாலாங்கட்டையின் பின்னணியில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்று. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எல்லா ஜன்னலிலும் துணி காய்ந்தது. எல்லாம் ஒரே துணி. மஞ்சள் சட்டை, நீலக் காலர்.

"எண்ணு."

"இருபத்து ரெண்டு."

"ஒரே சட்டை இருபத்திரண்டு காயும் வீடு எது?"

"தொழிலாளர் ஹாஸ்டல்." தாமரை மடிக்கணினியை மூடினாள். "ரமணி அண்ணன் கடை தொறந்திருக்கும்."

*

ரமணி இரண்டு தெரு தள்ளி, நாற்பது ஆண்டாகச் சீருடை தைப்பவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இந்தச் சட்டை எந்தக் கம்பெனிண்ணே?" என்றாள் தாமரை.

"முயலுக்கா?"

"முயல் கைலி. பின்னாடி காயுது பாருங்க."

ரமணி பார்த்தார். "பை வலது பக்கம்."

"வரைஞ்சவன் தப்பா வரைஞ்சிருப்பான்."

"இருபது சட்டையையும் தப்பா வரைவானா? இது நான் தைச்சது. இடது பக்கம் தொழிலாளி பேர எம்ப்ராய்டரி பண்ணச் சொன்னானுங்க. அதனால பை வலது பக்கம். எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் அப்படிக் கேட்டதில்ல." அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். "ஸ்ரீ கெம்பாங்கான்ல இருக்கற அட்டைப்பெட்டி கம்பெனி."

வேலாயுதம் நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"பெட்டி," என்றார்.

"ஷாமினியும் பெட்டிக் கம்பெனின்னு அந்தம்மா சொன்னாங்க," என்றாள் தாமரை. "ஆனா இந்தப் பக்கம் பெட்டிக் கம்பெனி நூறு இருக்கும், பாஸ்."

"ஒன்று போதும்."

*

அந்தக் கம்பெனியின் தொழிலாளர் அடுக்ககம் படத்தில் இருந்தது போலவே இருந்தது. அழுக்கு மட்டும் அதிகம். மின்தூக்கி இல்லை.

"அதான் 3ஏ தெரியல," என்றாள் தாமரை, படியைப் பார்த்து.

தண்ணீர்த் தொட்டி அடுக்ககத்துக்கு இடப்பக்கம் தெரிய வேண்டுமானால் எதிர்க் கட்டடத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். எதிர்க் கட்டடமும் ஹாஸ்டல்தான். படத்தின் கோணத்துக்கு மூன்றாம் மாடி, கோடி அறை. தாமரை கதவைத் தட்டினாள்.

திறந்தவனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். மஞ்சள் சட்டை. இடப்பக்கம் அசாருதீன் என்று ஆங்கில எழுத்தில் பெயர். தாமரையின் கையில் மடிக்கணினி திறந்திருந்தது. அவன் முயலைப் பார்த்தான்.

"யாரு சொன்னாங்க?"

"உன் சட்டைப் பை," என்றாள் தாமரை.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "சார், ஏதும் கேஸா? பெர்மிட்டு போயிருமா?"

"நாங்கள் போலீஸ் இல்லை," என்றார் வேலாயுதம்.

"சம்பளத்தைப் பார்த்தாலே தெரியும்," என்றாள் தாமரை. "உக்காருப்பா."

அறையில் ஆறு கட்டில். ஒரு கட்டிலில் ஒருவன் முகத்தை மூடித் தூங்கினான். அசாருதீன் தாழ்ந்த குரலில் பேசினான்.

"மதுரையில கேம் டிசைன் படிச்சேன். ரெண்டு வருஷ டிப்ளமோ. இங்க வந்து பெட்டி மடிக்கறேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் பெட்டி."

"விமலன் எங்கே?"

"விமலன் அண்ணனை நான் பார்த்ததே இல்ல சார். பழைய ஃபைலும் ஒரு போனும் என்கிட்ட குடுத்தாங்க. போன்லயே அந்த ஐடி இருந்துச்சு. கொஞ்சம் புதுசு பண்ணிப் போட முடியுமான்னு கேட்டாங்க. செஞ்சேன்."

"யார் கேட்டது?"

"அதைக் கேக்காதீங்க. எனக்கு நல்லது பண்ணவங்க. என் பாஸ்போர்ட்ட கம்பெனி எடுத்து வச்சிருந்துச்சு. வாங்கிக் குடுத்தவங்க அவங்கதான்."

"போன் அவர்களிடம் எப்படி வந்தது?"

"நானும் கேட்டேன். அழுதாங்க. அதுக்கப்புறம் கேக்கல."

தாமரை ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் மஞ்சள் சட்டைகள் காய்ந்தன.

"3ஏவை ஏன் மாத்தின?"

"டைப்பிங் தப்புன்னு நெனச்சேன் மேடம். மூணுக்கப்புறம் நாலுதான? அப்புறம் ஒரு நாள் மால்ல லிஃப்ட்டுல பார்த்தேன். அசிங்கமாப் போச்சு." அவன் தன் விரல்களைப் பார்த்தான். அட்டை கீறிய தழும்புகள். "அண்ணன் நல்லா வரைவாரு. நான் அவரு கோட்டு மேலதான் கோடு போட்டேன். அவரு கோடு முடிஞ்ச எடத்துக்கு அப்புறம் எனக்கு என்ன தெரியுமோ அதை வரைஞ்சேன். அதான் மாட்டிக்கிட்டேன் போல."

"முடிவு வரைக்கும் ஆடிக் காட்டு," என்றார் வேலாயுதம். "இவளால் முடியவில்லை."

"பதினோரு தடவைதான் செத்தேன்," என்றாள் தாமரை.

அசாருதீன் ஆடினான். முயல் ஒரு தடவையும் விழவில்லை. சங்கத் தலைவரை மிதித்தது. ஒலிபெருக்கி உடைந்தது. முயல் தெருவைக் கடந்து ஒரு வீட்டுக்கு வந்தது. இரும்புக் கேட், மாமரம், பச்சை அஞ்சல் பெட்டி. கேட் திறந்திருந்தது. பவுனம்மாளின் குரல் வந்தது. பழைய குரலைவிடத் தளர்ந்திருந்தது.

"கேட்டைப் பூட்டாத."

முயல் உள்ளே போனது. எழுத்து வந்தது. அம்மா, நல்லா இருக்கேன். உடம்பப் பாத்துக்கோங்க.

"அந்தக் குரல்?"

"அதுவும் அவங்க குடுத்ததுதான் சார். வாட்சப்ல அனுப்பினாங்க."

"இன்னொரு முறை போடு."

"கேட்டைப் பூட்டாத."

வேலாயுதம் எழுந்தார். வாசலில் திரும்பி, "நன்றாகச் செய்திருக்கிறாய்," என்றார்.

"பிரேசில்காரரு ஒருத்தரு புதுசையும் ஆடினாரு சார்," என்றான் அசாருதீன். "இப்ப வடை சுடத் தெரியுமாம்."

*

கிள்ளான் போகும் நெடுஞ்சாலையில் நெரிசல். தாமரையின் பழைய மைவி காரில் குளிர்சாதனம் ஓடவில்லை.

"சொல்லுங்க பாஸ். மூஞ்சி பார்க்கச் சகிக்கல."

"அவர் கேட்டைப் பூட்டியது எந்த நாள்?"

"அவங்க வீட்டுக்காரரா? மகன் போன அன்னிக்கு."

"அந்த அம்மாள் கேட்டைப் பூட்டாதே என்று சொல்ல ஆரம்பித்தது?"

முன்னால் லோரி நகர்ந்தது. தாமரையும் காரை நகர்த்தினாள்.

"அவன் போனதுக்கப்புறம்," என்றாள்.

"விமலன் அந்த வாக்கியத்தைக் கேட்டதே இல்லை. அதைப் பிடித்தது இன்று அந்த வீட்டில் இருக்கும் ஒருவர்."

"வீட்டுல ரெண்டே பேர்தான். ஒருத்தர் நம்ம கட்சிக்காரர்."

"ஆமாம்."

"அப்ப அவனோட போன் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கு. அவன் வரல."

ஷா ஆலாம் ஊரைத் தாண்டியதும் நெரிசல் குறைந்தது; தாமரை வேகத்தைக் கூட்டினாள்.

*

பச்சை அஞ்சல் பெட்டி. மாமரம். கேட் திறந்திருந்தது.

ஐந்தரைக்கு ஷாமினியின் கார் வந்தது. முப்பது வயது. கழுத்தில் மஞ்சள் நாடா, நீல விளிம்பு. நாடாவின் முனையில் கம்பெனி அட்டை. தாமரை அதைப் பார்த்தாள். ஷாமினி அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அம்மா சொன்ன ஆளுங்களா?"

"ஆமாம்," என்றார் வேலாயுதம். "ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வருகிறோம்."

ஷாமினி காரின் கதவில் சாய்ந்தாள். வீட்டின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சமையல்கட்டில் ஏதோ தாளிக்கும் வாசனை வந்தது.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அங்கிள்? அசாருக்கு."

"எங்களால் ஆகாது. அண்ணன் எப்போது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். அழவில்லை. பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள் போலச் சொன்னாள்.

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, ஆகஸ்ட். கொரோனா. பந்திங் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில வேலை பார்த்திருக்கான். ஒரு மணி நேர தூரம். மூணு வருஷமா ஒரு மணி நேர தூரத்துல இருந்திருக்கான். போன்ல அப்பா நம்பர் மட்டும்தான் வீட்டு நம்பர். அப்பாவக் கூப்பிட்டாங்க. அப்பாவும் நானும் போனோம். தடுப்பூசி போடப் போறோம்னு அம்மாகிட்ட சொன்னோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூடின பெட்டி. பத்து நிமிஷம். சாம்பலை அப்பாதான் போர்ட் கிள்ளான்ல கரைச்சார்."

"அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?"

"அப்பதான் முதல் அட்டாக் வந்து வீட்டுக்கு வந்திருந்தாங்க. சொன்னா அம்மா செத்துருவாங்கன்னு அப்பா கையில அடிச்சு சத்தியம் வாங்கினார். அடுத்த வருஷம் அவரே போயிட்டார். சத்தியத்தை மட்டும் என்கிட்ட விட்டுட்டு."

தாமரை மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஆப்ரேஷனுக்குப் போகணும். அதுக்குத்தான் செஞ்சேன்," என்றாள் ஷாமினி. "எங்கயோ உயிரோட இருக்கான், நல்லா இருக்கான்னு தெரிஞ்சா மனசு இறங்கி கையெழுத்துப் போடுவாங்கன்னு நெனச்சேன். துப்பறியற ஆளைத் தேடி ரயில் ஏறுவாங்கன்னு நான் எங்க கண்டேன்?"

வேலாயுதம் குறிப்பேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"அந்த வருடம் தீபாவளி?"

"கொண்டாடல. தீட்டு இருக்கே."

"அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?"

"கொரோனான்னோம். அப்பா பலகாரம் கூட வேணாம்னார்."

"கோயில்?"

"ஒரு வருஷம் போகல. சாமி மேல கோபம்னு சொன்னார்."

"நீ?"

"நானும் போகல. புதுத்துணி எடுக்கல. தைப்பூசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. தலைவலின்னு படுத்துக்கிட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

முப்பது ஆண்டு எல்லா வகைப் பொய்யையும் பார்த்தவர் அவர். செத்தவர்களை உயிரோடு காட்டியவர்கள், உயிரோடு இருப்பவர்களைச் சாகடித்தவர்கள். தீட்டுக் காத்த பொய்யை இப்போதுதான் பார்த்தார்.

"காலையில் முதல் அரை மணியில் அம்மா எங்களிடம் சொன்ன விஷயம் அது," என்றார்.

ஷாமினிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை. வேலாயுதத்தின் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், ஒண்ணு மட்டும் செய்யுங்க. வெளிநாட்டுல இருக்கான், இப்ப வர முடியாதுன்னு சொல்லிருங்க. வியாழக்கிழமை வரைக்கும் போதும்."

"அதுக்கப்புறம்?" என்றாள் தாமரை.

"அதுக்கப்புறம் அம்மா இருப்பாங்கக்கா. சண்டை போடுவாங்க. என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. ஆனா இருப்பாங்க."

தாமரை எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏழு ஆண்டில் வேலாயுதம் அதைப் பார்த்ததில்லை.

"ஷாமினி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெயில்ல ஏன் நிக்க வச்சிருக்க? உள்ள வரச் சொல்லு."

*

மேசையில் நான்கு கோப்பை தேநீர் ஊற்றி வைத்திருந்தது. எத்தனை பேர் என்று பவுனம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கேட் நன்றாகத் தெரிந்தது.

சுவரில் ஷாமினியின் அப்பா, மாலையோடு. பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

"உக்காருங்க தம்பி."

வேலாயுதம் உட்கார்ந்தார். சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். வாசற்படி ஏறும்போது அதைச் சுருக்கியிருந்தார். இப்போது அதுவும் நீளமாக இருந்தது.

பவுனம்மாள் அவரைப் பார்க்கவில்லை. தாமரையைக் கேட்டார்.

"கடைசி வரைக்கும் ஆடினியாம்மா?"

"ஆடினோம்மா."

"என் குரல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பழசு இல்ல. புதுசு."

"அதும் வந்துச்சு."

பவுனம்மாள் தலையசைத்தார். "நானும் அதை நிறைய தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ண ஆடச் சொல்லி. அவளுக்கே சலிச்சுப் போச்சு."

ஷாமினி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தேநீரை யாரும் தொடவில்லை.

பவுனம்மாள் எழுந்து அலமாரி இழுப்பறையைத் திறந்தார். ஒரு பழைய பூட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. சாவி அதிலேயே செருகியிருந்தது. அதன் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாளையும் ஒரு பேனாவையும் வைத்தார். எல்லாவற்றையும் ஒரு முறை நேராக்கினார். பிறகுதான் வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இனிமே கேட்டைப் பூட்டிடலாமா?"